பக்கத்து பெர்த்தில் ஸ்பீக்கர், காதில் ஆரஞ்சு ஃபோம்: 3எம் 1100 இயர் பிளக் எவ்வளவு தாங்கும்?

இரவு ரயிலில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த ஐந்தாவது நிமிஷம், எதிர் பெர்த்தில் ரீல்ஸ் ஆரம்பிக்கும். இயர்போன் கிடையாது. பதினைந்து நொடிக்கு ஒரு பாட்டு, ஒரு சிரிப்பு, ஒரு சமையல் குறிப்பு. ஊர் போய்ச் சேர இன்னும் எட்டு மணி நேரம். கேட்டால் சண்டையாகுமோ என்று ஒரு பக்கம், கேட்காமல் விட்டால் நமக்கே நம்மைப் பிடிக்காமல் போகுமோ என்று இன்னொரு பக்கம். அந்த நிலையில் கைப்பையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகச் செய்யப்பட்ட, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் ஃபோம் இயர் பிளக், ஆயிரக்கணக்கில் விலை போகும் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸைவிட இந்த ஒரு வேலைக்கு மேல். ஆனால் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அதைத் தப்பாக மாட்டுகிறார்கள். அதைவிட, தப்பான நேரத்தில் மாட்டுகிறார்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 3எம் 1100. ஆரஞ்சு நிறம், முனை குறுகி அடி அகன்ற பாலியூரித்தேன் ஃபோம். இதே சரக்கு கயிறு கோத்து 1110 என்ற எண்ணில் வருகிறது. மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் நீச்சலுக்கான சிலிக்கான் அடைப்பானை எடுத்து நீட்டுவார்கள். அது தண்ணீருக்கு, சத்தத்துக்கு அல்ல. ஹெல்மெட், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி விற்கிற கடைக்குப் போங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஒரு ஜோடி மட்டும் வாங்குவது வீண், பத்து ஜோடியாக வாங்குவதுதான் கட்டுப்படியாகும்.

சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்று காட்டும் இரண்டு எண்கள் உறையில் இருக்கும். என்.ஆர்.ஆர் 29, எஸ்.என்.ஆர் 37. முதலாவது அமெரிக்க அளவுமுறை, இரண்டாவது ஐரோப்பிய முறை. பிளக் ஒன்றுதான், சோதனை முறைதான் வேறு. ஆன்லைனில் ஒரு பிராண்ட் 37 என்றும் இன்னொன்று 29 என்றும் போட்டிருந்தால், 37தான் நல்லது என்று நினைத்து ஏமாற வேண்டாம். எந்த முறை என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். இன்னொன்று, இவை ஆய்வுக்கூடத்தில், சரியாக மாட்டிய காதில் எடுத்த எண்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை தரும் எச்சரிக்கையான கணக்குப்படி, என்.ஆர்.ஆரில் 7 கழித்து மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். 29 என்பது 11 டெசிபல் ஆகிவிடும். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானதுபோல் தெரியும். அதற்குமேல் கிடைப்பது எல்லாம் மாட்டுகிற கையைப் பொறுத்தது.

எனவே மாட்டுவது எப்படி என்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கை சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். பிரியாணிப் பொட்டலம் பிரித்த கையோடு பிளக்கைத் தொட்டால் அந்த எண்ணெய் நேராகக் காதுக்குள் போகும். பிளக்கை நசுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு விரல்களுக்கும் நடுவில் வைத்து, முதலில் மெதுவாக, பிறகு அழுத்திச் சுற்றி, பீடியைவிட மெல்லிய குச்சியாக்குங்கள். மேலே மடிப்பு விழுந்திருந்தால் அந்த மடிப்பு வழியாகவே சத்தம் உள்ளே வரும். விட்டுவிட்டு மறுபடி உருட்டுங்கள். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து, மேலேயும் பின்னாலும் இழுங்கள். காதின் உள்வழி வளைவாக இருக்கிறது, இழுத்தால்தான் நேராகும். நிறையப் பேர் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான். இழுத்தபடியே வலது கையால் குச்சியைச் செருகி, விரல் நுனியால் 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிடிக்காமல் விட்டால் ஃபோம் விரியும்போதே தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும்.

வெப்பநிலை இதில் ஒரு கட்சிக்காரர். ஏசி பெட்டியின் குளிரில் ஃபோம் மெதுவாக விரியும். 30 நொடி போதாது, ஒரு நிமிஷம் பிடியுங்கள், அல்லது முன்னாலேயே சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சித்திரை மாத மத்தியானத்தில் பஸ்ஸில் அதற்கு நேர் எதிர்: உருட்டி முடித்துக் காதருகே கொண்டுபோவதற்குள் உப்பிவிடும். அங்கே வேகம்தான் வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுகப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. பெரிய வித்தியாசம் இல்லையென்றால் சரி. ஒரு செல்ஃபியும் எடுத்துப் பார்க்கலாம். முன்பக்கம் பார்த்தாலே ஆரஞ்சு மொட்டு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது காதில் இல்லை, காது வாசலில் இருக்கிறது. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. உள்ளே காற்று உறிஞ்சப்பட்டுச் செவிப்பறை வலிக்கும். திருகியபடி மெதுவாக எடுங்கள்.

சிறிய காதுத் துவாரம் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, இந்த அளவு ஒரு மணி நேரத்தில் வலி எடுக்கும். நுனியை வெட்டிச் சிறிதாக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம், குட்டையான பிளக் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சிறிய அளவு என்று தனியாக விற்பதை வாங்குங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும் இதன் அடிப்பகுதி தலையணையில் அழுந்தும். அவர்களுக்கு மெழுகும் பஞ்சும் கலந்த உருண்டைகள் சரிப்பட்டு வரும். 1900களின் தொடக்கத்திலிருந்தே ஜெர்மனியில் ஓரோபாக்ஸ் என்ற பெயரில் செய்து வரும் பழைய சரக்கு அது. நம் வெயிலில் பிசுபிசுத்துப் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வீட்டில் இருக்கும் வெறும் பஞ்சு? மனத்திருப்திக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கயிறுள்ள 1110, பெர்த் இடுக்கில் விழுந்து தொலையாது. அது ஒன்றுதான் அதன் லாபம். கயிறு சட்டையில் உரசும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சரசரப்பு நேராகக் காதுக்குள் கேட்கும். தூங்குவதற்குக் கயிறில்லாததே நல்லது.

இனி நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் ஏன் இந்த இடத்தில் தோற்கிறது என்ற விஷயம். அந்தத் தொழில்நுட்பம் வெளிச் சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அழிக்கிறது. விமான எஞ்சின், ரயிலின் கடகடப்பு, ஏசியின் ஹூம் என்று மாறாமல் ஓடும் தாழ்ந்த சத்தத்தில் இது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். பேச்சு, சிரிப்பு, ரீல்ஸ் எல்லாம் நொடிக்கு நொடி மாறும் உயர்ந்த சத்தம். அங்கே இது தடுமாறும். விளைவு வேடிக்கையானது: பின்னணியில் எல்லாவற்றையும் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்த கடகடப்பு காணாமல் போய்விடும், எதிர் பெர்த்துக்காரரின் குரல் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாகக் கேட்கும். ஸ்லீப்பர் பெட்டியைவிட ஏசி பெட்டியில் போன் சத்தம் அதிகமாக எரிச்சலூட்டுவதற்கும் இதே காரணம்தான். அங்கே ஜன்னல் மூடியிருக்கிறது, சக்கரச் சத்தத்தின் திரை இல்லை. ஃபோம் பிளக் அப்படிப் பொறுக்குவதில்லை. தாழ்ந்ததையும் உயர்ந்ததையும் சேர்த்தே அமுக்கும், உயர்ந்ததைக் கொஞ்சம் கூடுதலாகவே அமுக்கும். இயர்பட்ஸ் கையில் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், பேச்சில்லாத மழைச் சத்தத்தைச் சின்னதாக ஓடவிடுங்கள். பாட்டுப் போட்டு அவர் சத்தத்தோடு போட்டி போட்டால் காதுதான் கெடும்.

பக்கத்தில் இரண்டு பேர் நேரில் பேசிக்கொள்வதைவிட ஒருவர் போனில் பேசுவது ஏன் இத்தனை தொந்தரவு என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. 2010இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், பேச்சின் ஒரு பாதியை மட்டும் கேட்டவர்களின் கவனம்தான் சிதறியது, முழுப் பேச்சையும் கேட்டவர்களுடையது அப்படிச் சிதறவில்லை. மறுமுனை என்ன சொல்கிறது என்று மூளை தானாகவே இட்டு நிரப்பப் பார்க்கிறது. "அப்படியா... அவனா... நான்தான் அப்பவே சொன்னேனே" என்று கேட்டால், யார் அவன் என்று தெரியாமல் நமக்கு உறக்கம் வராது. பிளக் போட்ட பிறகும் குரல் இருப்பது தெரியும், வார்த்தை பிரியாது. வார்த்தை பிரியாவிட்டால் மூளை அந்த வேலையை விட்டுவிடும். அந்த அளவுக்குக் குறைந்தால் போதும், முழு நிசப்தம் தேவையில்லை.

சத்தத்தைவிடக் கோபத்தை வளர்ப்பது, நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற எண்ணம். 1960களின் கடைசியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத பெரும் சத்தத்தை இரண்டு குழுக்களுக்குக் கேட்க விட்டார்கள். ஒரு குழுவிடம் மட்டும், வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள் என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த, விடை கிடைக்காத புதிர்களில் அவர்கள்தான் பொறுமையாக அதிக நேரம் உட்கார்ந்து முயன்றார்கள். சத்தம் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். சட்டைப் பையில் ஒரு ஜோடி பிளக் இருப்பது அந்தப் பொத்தான். சில பயணங்களில் அதை வெளியே எடுக்கவே வேண்டியிருக்காது. இந்தச் சரக்குக்கு நாம் தரும் மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான்.

இப்போது குறை. எரிச்சல் முற்றிய பிறகு மாட்டினால் பிளக் எதிர்மாறாக வேலை செய்யும். மனத்துக்குள் அந்த ஆளோடு வாதாட ஆரம்பித்து, அவர் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வேன் என்று மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது காதை அடைத்தால், வெளிச் சத்தம் போய் உள் சத்தம் மட்டும் ஓங்கி ஒலிக்கும். ஆகவே முதல் ரீல் ஓடும்போதே மாட்டுங்கள், பத்தாவது ரீலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தாமதமாகிவிட்டதா? அப்படியென்றால் பிளக்கின் ஒரு தொல்லையையே உதவிக்கு அழைக்கலாம். காதை அடைத்தால் நம் மூச்சும் மெல்லும் சத்தமும் தலைக்குள் பெரிதாகக் கேட்கும். பலர் இதைப் பிடிக்காமல்தான் பிளக்கைத் தூக்கி எறிகிறார்கள். கோபத்தில் இருப்பவருக்கோ அது கைக்கு வந்த கருவி. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சு போய்வரும் சத்தம் தெளிவாகக் கேட்பதால் எண்ணிக்கை தவறாது. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிஷம், 30 மூச்சு. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் ஒரு கைக்கு 12. இரண்டு சுற்றும் அரையும் வந்தால் கணக்கு முடிந்தது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். தலை கிறுகிறுத்தால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆழம் வேண்டாம், மெதுவாக இருந்தால் போதும்.

எழுந்து கதவுப் பக்கம் போய் வேகவேகமாக நடப்பது, தலையணையைக் குத்துவது இதெல்லாம் கோபத்தை வடித்துவிடும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. 2024இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: உடம்பின் படபடப்பை இறக்கும் பழக்கங்கள், அதாவது மூச்சு, தியானம், தசைகளைத் தளர்த்துவது, கோபத்தைக் குறைத்தன. படபடப்பை ஏற்றும் பழக்கங்கள் மொத்தத்தில் குறைக்கவில்லை. ஓட்டம் கூட்டவே செய்தது. ஆக, பெட்டிகளை இணைக்கும் வெஸ்டிப்யூல் வரை போய் உலாத்திவிட்டு வருவதைவிடப் படுத்த இடத்திலேயே மூச்சை எண்ணுவது மேல்.

மாட்டும் விதத்திலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. எதிராளியை முறைத்துக்கொண்டே, அவர் பார்க்கும்படி பிளக்கை உருட்டிக் காதில் திணித்தால் அது வாய் திறக்காத வசவு. "என்ன சார், சொல்லணும்னா வாயால சொல்லுங்க" என்று அங்கேதான் தகராறு ஆரம்பிக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மாட்டுங்கள்.

கேட்பதாக இருந்தால் மாட்டுவதற்கு முன்பே, எரிச்சல் குரலில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். "சவுண்டு கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பது வீணான கோரிக்கை. இரண்டு புள்ளி குறைப்பார், அடுத்த ரீல் வேறு அளவில் பதிவாகியிருக்கும், பழையபடி அலறும். திட்டவட்டமான ஒன்றைக் கேளுங்கள்: "தம்பி, இயர்போன் இருக்கா? போட்டுக்கிறீங்களா, நான் படுக்கப் போறேன்." பெரியவர் என்றால், "ஐயா, விடிகாலையில இறங்கணும், கொஞ்சம் தூங்கிக்கிறேன். போன் சவுண்டை நிறுத்திக்கிறீங்களா?" காரணம் நம் தூக்கமாக இருக்கட்டும், அவர் ஒழுக்கம் வேண்டாம். "பப்ளிக் பிளேஸ்னு தெரியாதா" என்று ஆரம்பித்தால் அவர் சத்தத்தை விட்டுவிட்டு மானத்தைக் காப்பாற்றப் போய்விடுவார், பிறகு எந்தப் பிளக்கும் உதவாது. உதிரியாக ஒரு மலிவு இயர்போன் வைத்துக்கொண்டு கொடுத்துவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் புதிய போன்கள் பலவற்றில் உருண்டைத் துளையே கிடையாது, டைப் சி வேண்டும். குழந்தை அழாமலிருக்க வீடியோ போட்டுக் கொடுத்திருக்கும் தாயிடம் மட்டும் ஒன்றும் கேட்காதீர்கள். வீடியோ நின்றால் வரப்போவது அழுகைச் சத்தம், அது இன்னும் உரக்க இருக்கும். பிளக்கோடு திருப்தி அடையுங்கள்.

கேட்டும் பலனில்லை என்றால் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டுப் போடுவதும் உரக்கப் பேசுவதும் கூடாது என்று ரயில்வே அறிவுறுத்தியிருக்கிறது. முதலில் டி.டி.இ. அவர் கண்ணில் படவில்லையென்றால் 139க்கு அழைக்கலாம், அல்லது ரயில்வேயின் புகார்ச் செயலியான ‘ரயில் மதத்’தில் (Rail Madad) பி.என்.ஆர் எண்ணோடு பதியலாம். பெட்டி எண், பெர்த் எண், என்ன தொந்தரவு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். பத்து வரி ஆதங்கத்தைப் படிக்க அங்கே ஆளில்லை. இந்தச் சேவை பற்றி எங்கள் மதிப்பீடு இரண்டு விதம். ரீல்ஸ் சத்தத்துக்கு இது சுற்று வழி, ஆள் வந்து சேர்வதற்குள் அவரே தூங்கிவிடலாம். குடித்துவிட்டு வம்பிழுக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், பெண்களிடம் வாலாட்டுகிறார் என்றால் இதுதான் முதல் வழி, அங்கே பிளக், மூச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவு இப்படிப்பட்டவரைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட அதிகாரம் தருகிறது. புகார் கொடுத்தது யார் என்று சுட்டிக்காட்ட வேண்டாம் என்று வருகிற ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், மிச்ச இரவும் அதே ஆளுக்கு எதிரில்தான் படுக்க வேண்டும். ஒரு ரீல்ஸ் தகராறுக்காக அபாயச் சங்கிலியை மட்டும் தொட்டுவிடாதீர்கள், தண்டனை உங்களுக்கு வரும். பஸ்ஸில் கண்டக்டர்தான் எல்லாம். கர்நாடக அரசுப் பேருந்துகளில் 2021 நவம்பரிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டுப் போடவே தடை இருக்கிறது, கேட்காதவரை இறக்கிவிடலாம். பெங்களூரு போகிறவர்கள் அந்தப் பஸ்ஸில் ஏறினால் இது கைகொடுக்கும்.

யார் வாங்கக் கூடாது? காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் தொடவே கூடாது. காதில் இரைச்சல் உள்ளவர்களுக்கு வெளி நிசப்தத்தில் அந்த இரைச்சல் பெரிதாகத் தோன்றும். காதுக் குறும்பி அதிகம் சேர்பவர்கள் முதலில் சுத்தம் செய்துகொள்ளட்டும், இல்லாவிட்டால் பிளக் அதை உள்ளே தள்ளி அடைத்துவிடும். நல்ல காது உள்ளவர்களும் வீட்டில், அலுவலகத்தில், நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து அடைத்து வைத்துச் செய்த சோதனையில் காது முன்னைவிடச் சத்தத்துக்குக் கூசும்படி ஆனது தெரிந்தது. மற்றவர் மெல்லும் சத்தம், மூக்குறிஞ்சும் சத்தம் போன்ற சிறு ஒலிகளுக்கே ஆவேசம் வருகிறதென்றால் அதற்கு மிசோஃபோனியா என்று பெயர், அதைப் பார்க்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். பத்து ஜோடி ஃபோமால் தீருகிற விஷயமல்ல.

தண்டவாளம் கடக்கும்போதும் பிளாட்பாரத்தில் நடக்கும்போதும் இரண்டு காதிலும் ஒன்றும் இருக்கக் கூடாது. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இரவில் ஒரு காதில் மட்டும் மாட்டி, அடைக்காத காதைத் தலையணைப் பக்கம் வைத்துப் படுக்கலாம். சத்தம் பெருமளவு குறையும், தேவைப்பட்டால் தலையைத் தூக்கினால் போதும். விடிகாலை இறங்க வேண்டியவர்கள் அலாரத்தை நம்பாதீர்கள், கேட்காது. போனை வைப்ரேட்டில் போட்டு, பெர்த்தில் வைக்காமல், சட்டைப் பையிலோ கைக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் ரயிலின் அதிர்வில் பெர்த்தில் கிடக்கும் போனின் அதிர்வு தெரியாது.

மூடியுள்ள மாத்திரை டப்பாவில் மூன்று ஜோடி போதும். ஒரு தடவைக்கென்று செய்த சரக்குதான் என்றாலும், பிரித்த ஜோடியை அழுக்கு ஏறாதவரை நான்கைந்து தடவை பயன்படுத்தலாம். உருட்டிவிட்டபின் பழைய உருவத்துக்குத் திரும்பவில்லையென்றால் தூக்கிப் போடுங்கள். கழுவினால் மீள்தன்மை போய்விடும். மூன்றாவது ஜோடி உறை பிரிக்காமல் இருக்கட்டும். அதே ரீல்ஸால் மேல் பெர்த்தில் புரண்டுகொண்டிருப்பவர் ஒருவர் எப்படியும் இருப்பார், கொடுத்தால் வாங்கிக்கொள்வார். காதை மேலே இழுக்கச் சொல்ல மறக்காதீர்கள்.